மண்ணெண்ணெய் மெசினும் கூரைச் சோலாரும்: யாருடைய புகைக்கு யார் காசு கட்டுவது?

11.05.2025, மாலை 5.10: மாங்குளத்து வாசகர் ஒருவரின் கேள்வி

"பூமி சூடாவதற்கு மனிதன் விடும் புகைதான் காரணம் என்பதை நான் நம்பவில்லை. எரிமலை விடாத புகையா, சூரியனில் வராத மாற்றமா? ஒரு பேச்சுக்கு அது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், இலங்கை விடும் காபனீரொட்சைட்டு உலகக் கணக்கில் தூசு. வன்னி விடுவது தூசிலும் தூசு. இருபது வருடம் மின்கம்பமே இல்லாமல் வாழ்ந்த சனம் நாங்கள். வசதி உள்ளவர்களின் கூரைகளுக்கு அரசாங்கம் எதற்காகக் காசு கொடுக்க வேண்டும்? போன மாதம் புத்தாண்டு நாட்களில் அந்தச் சோலாரை நிறுத்தி வைக்கச் சொன்னதும் அதே அரசாங்கம்தானே? பதில் இருப்பவர்கள் எழுதுங்கள்."

11.05.2025, இரவு 9.20

மூன்று வேறு வேறு கேள்விகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள், தம்பி. முதலாவதை மட்டும் இன்றிரவு அவிழ்க்கிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், கரும்பலகை இல்லாமலும் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

ஒரு லீற்றர் டீசலின் நிறை ஏறத்தாழ 840 கிராம். அதில் 720 கிராம் அளவு காபன். அது எரியும்போது 12 கிராம் காபன் காற்றிலுள்ள 32 கிராம் ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு 44 கிராம் காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. ஆகவே உழவு இயந்திரத்துக்குள் நீங்கள் ஊற்றிய ஒரு லீற்றர், புகைக்குழாய் வழியாக இரண்டரைக் கிலோவுக்கு மேல் நிறையுள்ள வாயுவாகப் போகிறது. உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து ஒரு வருடத்தில் விடும் காபனீரொட்சைட்டு இப்போது ஏறத்தாழ 3,700 கோடி தொன். எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது இதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

சார்ல்ஸ் கீலிங் என்பவர் ஹவாயிலுள்ள மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 315 பங்கு அளவு காபனீரொட்சைட்டாக இருந்தது. தொழிற்சாலைகளின் காலத்துக்கு முன்னர் அது 280 அளவில் நின்றது என்பதைப் பனிக்கட்டிக்குள் அடைபட்டுக் கிடந்த காற்றுக் குமிழிகள் காட்டின. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவும் மண்ணுக்கடியிலிருந்து எடுத்து எரித்த காபன்தான் என்பதற்குச் சான்று என்னவென்றால், காபன்-14 என்ற சமதானி (காபன் அணுவின் பாரம் கூடிய ஒரு வகை). அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது சிதைந்து பாதியாகும் காலம், ஏறத்தாழ 5,730 வருடங்கள் என்பதால், கோடிக்கணக்கான வருடங்கள் நிலத்தடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது மிச்சமிராது. அந்தப் புகை கலக்கக் கலக்க, காற்றிலுள்ள காபன்-14இன் பங்கு ஐதாகிறது. ஹான்ஸ் சூயெஸ் 1950களில் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து இதைக் கண்டார்.

சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அளவீடுகளோ, கீழடுக்கு சூடாகும்போது மேலடுக்கு குளிர்வதாகக் காட்டுகின்றன. போர்வை போர்த்தவனுக்கு உள்ளே வியர்க்கும், போர்வைக்கு வெளியே குளிரும்.

12.05.2025, காலை 6.45

பழைய மாணவர் ஒருவர், இப்போது வவுனியாவில் மின்வேலை செய்பவர், இரவோடிரவாக ஒரு வரி எழுதியிருந்தார்: "சேர், எரிமலைப் புகையிலும் காபன்-14 இராதே?"

அவர் பிடித்தது சரி. பூமியின் ஆழத்திலிருந்து வரும் காபனும் பழையதுதான். ஆகவே காபன்-14 மட்டும் எரிமலையை விடுவிக்கப் போதாது. நான் எழுதாமல் விட்டது காபன்-13. தாவரங்கள் உணவு செய்யும்போது பாரம் குறைந்த காபன்-12ஐயே கூடுதலாக எடுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் பழைய தாவரங்களிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் வந்தவை என்பதால் அவற்றில் காபன்-13 குறைவு. எரிமலைக் காபனில் அந்தக் குறைவு இல்லை. காற்றிலோ காபன்-13இன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. இன்னொரு சான்றும் உண்டு. எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும், எரிமலைக்கு அது வேண்டாம். கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் காற்றில் ஒட்சிசன் மெல்லக் குறைவதை அளந்து காட்டினார். மூச்சுத் திணறும் அளவுக் குறைவல்ல, பயப்படத் தேவையில்லை.

மாணவனிடம் திருத்தம் வாங்குவது எனக்குப் புதிதல்ல. முன்பு சோக்குக்கட்டியை எறிந்து சமாளித்தேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

15.05.2025, இரவு 8.30

மாங்குளத்துத் தம்பி முதலாவதை "ஓரளவு" ஏற்றுக்கொண்டு, "இருபது வருடம் மின்சாரமின்றி வாழ்ந்தோம்" என்ற இடத்திலேயே மறுபடியும் நிற்கிறார். அதைப் பெருமையாக எழுதியிருப்பதால் இன்று அந்தக் காலத்தைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவர் அப்போது பிறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

1990இல் சண்டை மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோலும் டீசலும் பற்றரியும் வன்னிக்கு வருவது நின்றது. மண்ணெண்ணெய் கிடைத்தால் பொன் கிடைத்த மாதிரி. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, இரண்டு மூடி மண்ணெண்ணெயை ஊற்றி, கம்பியில் மாட்டிய சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் திரியைச் செருகி உள்ளே இறக்கினால், போத்தலே சிமினியாகிவிடும். சுடர் ஒரு நெல்மணியை விடப் பெரிதாக இராது. அந்த வெளிச்சத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் காலையில் வகுப்புக்கு வரும்போது மூக்கின் ஓரத்தில் கரி படிந்திருக்கும். வானொலிச் செய்தி கேட்க வேண்டுமானால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப்போவார். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி உதைத்து எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். பின்னால் வருபவருக்கு வீதி தெரியாது.

அந்தக் காலத்தில் எங்கள் தலைக்கு விழுந்த காபன் உலகத்திலேயே மிகக் குறைந்த அளவாக இருந்திருக்கக் கூடும். ஆனாலும் விரதம் வேறு, பட்டினி வேறு. விறகடுப்புப் புகையில் இருந்தே என் தாயாரின் நெஞ்சு கெட்டது என்று வைத்தியர் சொன்னார். அந்தப் புகையைக் காட்டி "நாங்கள் இயற்கையோடு வாழ்ந்தோம்" என்று யாராவது எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஏ-9 வீதி திறந்தபின், 2003இல் என்று நினைக்கிறேன், மைத்துனர் ஒரு சிறிய சோலார் தகடும் ஒரு பற்றரியும் கொண்டுவந்து தந்தார். இரண்டு குழல்விளக்கும் ஒரு வானொலியும் அதில் நடந்தன. முதல் நாள் இரவு அயலவர்கள் விளக்கைப் பார்க்க வந்தார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். 2008 ஐப்பசியில் இடம்பெயர்ந்தபோது அந்தத் தகட்டைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் ஏற்றினோம். தை மாதத்தில் விசுவமடுவில் அதை விட்டுவிட்டு நடந்தோம். அந்தத் தகட்டுக்கு எந்த அரசும் மானியம் தரவில்லை. புதுப்பிக்கத்தக்க சக்தியை வன்னிக்குக் கற்பிக்கக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

16.05.2025, காலை

மேலே 2003 என்று எழுதியது பிழை என்கிறார் மனைவி. மூத்தவள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதிய வருடம் என்பதால் அது 2004. எங்கள் ஒழுங்கைக்கு மின்கம்பம் வந்தது 2012இல். இதில் இருவரும் ஒத்துப்போகிறோம்.

22.05.2025, இரவு 10.05

இப்போது காசுக் கேள்விக்கு வருகிறேன். வருமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: என் கூரையிலும் 5 கிலோவாட் சோலார் இருக்கிறது. ஆகவே நான் நடுவர் அல்ல, வழக்காளி.

அரசாங்கம் சூரியனுக்கு மட்டும் காசு கொடுப்பது போலப் பேசுகிறோம். 2022 ஆவணி வரை ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவுக்கு விற்கப்பட்டது. ஒரே இரவில் அது 340 ரூபாவாகியது. அந்த இடைவெளி அதுவரை யாரோ கட்டிய காசு, அதாவது நாங்கள் எல்லோரும் கடனாகக் கட்டிய காசு. ஏழை வீட்டு விளக்குக்கும் மீனவரின் படகுக்கும் அது உதவியது என்பதை மறுக்கவில்லை, என் இறைப்பு மெசினும் அதில்தான் ஓடியது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைப் பாருங்கள். 2011இலிருந்து 2014 வரை மூன்று கட்டமாக 900 மெகாவாட். சீனக் கடன், திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு நாட்டுக்கு. அரசு கைவைக்காத மின்சாரம் இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? எனவே "ஆதரவு வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்பதை விட்டு, "எதற்கு, யாருக்கு" என்று கேட்பதே சரி.

கூரைச் சோலார் திட்டம் 2016இல் தொடங்கியது. அப்போதைய விதி எளியது: மின்னிணைப்புக்கு நீங்கள் அனுப்பும் ஒவ்வோர் அலகுக்கும் முதல் ஏழு வருடம் 22 ரூபா, பிறகு பதின்மூன்று வருடம் 15.50 ரூபா. நான் 2018 ஆடியில் ஓய்வூதியத்தைக் காட்டி வங்கிக் கடன் எடுத்துப் போட்டேன். தகடுகள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 அலகு தருகின்றன. மாதம் 600 அலகு, 22 ரூபா வீதம் 13,200 ரூபா. கடன் தவணை போக மிஞ்சுவது சொற்பம். வருகிற ஆடியோடு ஏழு வருடம் முடிகிறது.

25.05.2025, பகல்

கணக்கு வாத்தியார் ஒருவர் (அவர் அப்படித்தான் கையெழுத்திடுகிறார்) கேட்கிறார்: "வீட்டில் விளக்கே எரிப்பதில்லையா?"

எரிக்கிறோம். மாதம் 130 அலகு வீட்டுப் பாவனையில் கழிந்துவிடும், மிச்சம் 470க்குத்தான் காசு. 10,340 ரூபா. 13,200 என்று எழுதியது என் ஆசை.

25.05.2025, இரவு

இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். 2022 பங்குனியின் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்தது அல்லவா? அதில் பகலில் விழுந்த மணி நேரமெல்லாம் என் கூரையில் ஐந்து கிலோவாட் வெயில் வீணாகக் காய்ந்தது. மின்னிணைப்போடு கட்டிய இன்வேர்ட்டர் (தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சுவர்ப் பெட்டி), வீதியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், அது நியாயமானதே. பற்றரி வைத்திருந்தால் வீட்டையாவது பிரித்து ஓட்டியிருக்கலாம், அதற்குப் பணம் இருக்கவில்லை. "வாத்தியார் வீட்டுக் கூரையில் சூரியன், கூடத்தில் குப்பி விளக்கு" என்று ஒழுங்கையில் ஒரு கதை உலாவியது. ஒன்பது இலட்சத்துச் சொச்சக் கடனோடு இருட்டில் உட்கார்ந்திருந்த அந்த மாதத்தில்தான் இந்தத் திட்டத்தின் ஓட்டை எனக்குத் தெரிந்தது.

03.06.2025, இரவு 9.00

"புத்தாண்டில் நிறுத்தச் சொன்னார்களே" என்பதற்கு இன்று பதில்.

சித்திரை 13 முதல் 21 வரை பகலில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்குமாறு கேட்டது உண்மை. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடக்கும் நாட்களில் மின்சாரம் எடுக்க ஆளில்லை, வெயிலோ குறையவில்லை. அதற்கு இரண்டு மாதம் முந்தி, பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் சொன்னார். அனுமனுக்குப் பிறகு இலங்கையை இவ்வளவு கலக்கிய வானரம் அதுதான். ஆனால் குரங்கு வெறும் தீக்குச்சி. அன்று மின்னிணைப்பில் சுழலும் பாரமான இயந்திரங்கள் குறைவாகவும் சோலார் அதிகமாகவும் இருந்ததால் ஒரு சிறிய அதிர்ச்சியையும் தாங்க முடியாமல் போயிற்று.

இதை விளங்கிக்கொள்ளப் பழைய அரிசி மில்லை நினைத்துப் பாருங்கள். எஞ்சினின் பக்கத்தில் ஆளுயரச் சில்லு ஒன்று சுற்றும். நெல்லை ஒரேயடியாகக் கொட்டினாலும் எஞ்சின் உடனே இறங்காது. சில்லின் பாரம் அதை இழுத்துக்கொண்டு போகும், அதற்குள் ஓட்டுபவர் எண்ணெயைத் திறந்துவிடுவார். நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் அப்படிப் பாரமான சுழலிகள் உண்டு. சோலார் தகட்டில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பெரிய பற்றரிகளும் அதற்கேற்ற இன்வேர்ட்டர்களும் இருக்கின்றன. கூரைகளுக்கு ஒன்பது வருடம் விலை கொடுத்தவர்கள் பற்றரிக்கு விலை வைக்கப் பிந்திவிட்டார்கள். பகல் 12 மணி அலகுக்கும் இரவு 8 மணி அலகுக்கும் ஒரே விலை என்றால், என்னைப் போன்றவன் பகலில்தான் கொட்டுவான்.

எங்கள் ஒழுங்கையிலேயே இதன் சின்ன உருவம் இருக்கிறது. நாங்கள் மின்மாற்றியிலிருந்து நீண்டு வரும் கம்பியின் கடைசி முனையில் இருக்கிறோம். வெயில் உச்சியில் நிற்கும்போது வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ற்றை விட்டு 250க்கு மேல் ஏறும். சுவரிலுள்ள பெட்டி 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்று, சில நிமிடம் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு மறுபடி எழும்பும். பங்குனி மாதத்தில் ஒரு நண்பகலில் ஏழு தடவை எண்ணினேன். பக்கத்து வளவுத் தம்பி சோலார் போட விண்ணப்பித்தபோது, மின்மாற்றியில் இனி இடமில்லை என்று உரிய இடத்தில் சொல்லிவிட்டார்கள். முந்தியவனுக்கு 22 ரூபா, பிந்தியவனுக்கு இடமில்லை.

04.06.2025

இல்லை, குரங்குக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. "குரங்குக்கு ஏதாவது கொடுத்தார்களா?" என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

19.06.2025, மாலை 6.30

போன வாரம் மின்கட்டணம் சராசரி 15 வீதம் கூடியது. அதற்குப் பிறகு எனக்கும் முன்வீட்டு அக்காவுக்கும் நடந்த ஒரு பேச்சை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் கணவரைப் போரில் இழந்தவர், வீட்டுத்திட்டத்து வீடு, மூன்று மின்குமிழும் ஒரு மின்விசிறியும். வேலியடியில் நின்று, கோபமே இல்லாமல், "வாத்தியார், உங்கடை கூரை உழைக்குது, எங்கடை பில் ஏறுது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லையோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நான் போட்ட வருடத்தில் எண்ணெய் எரித்து எடுக்கும் ஓர் அலகுக்கு 22 ரூபாவுக்கு மேல் செலவானது. 2022இல் ரூபா விழுந்து டொலர் 360ஐத் தொட்டபின், அதே 22 ரூபா மின்சாரம் வாங்குபவருக்கு மலிவு விலை. அந்தக் கணக்கில் என் கூரை அக்காவுக்கு நட்டம் வைக்கவில்லை. ஆனாலும் வாங்க ஆளில்லாத ஞாயிறு நண்பகலில் நான் கொட்டிய அலகுக்கும் அதே 22 ரூபா வந்ததே, அது யாருடைய கட்டணத்தில் சேர்ந்தது? கம்பியையும் கம்பத்தையும் இரவில் நானும் பாவிக்கிறேன். அதன் பராமரிப்புக்கு என் பங்கு எங்கே? மாதம் 30 அலகு எரிப்பவர், 470 அலகு விற்பவனுக்குக் கம்பம் நட்டுக் கொடுப்பது முறையா?

22.05 அன்று இந்தத் திட்டத்துக்காக நான் கச்சை கட்டி எழுதியதை இப்போது வாசித்தால், வழக்காளி என்று நானே சொன்னது வெறும் பகிடி அல்ல என்று தெரிகிறது. அரசு ஆதரவு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அது கூரை உள்ளவனையும் கடனுக்குப் பிணை காட்டக் கூடியவனையும் தேடிப் போவதாக இருக்கிறது, அங்கேதான் பிழை. மாங்குளத்துத் தம்பி கேட்ட மூன்றாவது கேள்வியில் பாதியை அவருக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

08.07.2025, இரவு 9.45

காற்றாலைகளைப் பற்றியும் எழுதச் சொல்கிறார்கள். சோளகம் வீசும் இந்த மாதங்களில் பளைப் பக்கம் போனவர்கள் வல்லிமுனையிலும் புலோப்பளையிலும் சுற்றும் காற்றாடிகளைப் பார்த்திருப்பார்கள். 2014இலிருந்து நிற்கின்றன, இரண்டும் சேர்ந்து 20 மெகாவாட். மன்னார்த் தீவில் 2020 மார்கழியில் திறந்த தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாட், 30 காற்றாடிகள், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். அதன்மேல் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் போட அதானி நிறுவனம் வந்து, அலகு 8.26 சதம் (அமெரிக்கச் சதம்) என்று விலை பேசி, புதிய அரசாங்கம் அதைக் குறைக்கக் கேட்டபின் இந்த வருடம் பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

காபனைக் குறைக்கும் எதையும் எதிர்ப்பது மூடத்தனம் என்று சில வருடங்களுக்கு முன் இதே இடத்தில் வாதாடியவன் நான். தேடிப் பார்த்தால் கிடைக்கும், அழிக்கவில்லை. பிறகு பேசாலையிலுள்ள உறவினர் வீட்டில் மாரியில் நான்கு நாள் தங்கினேன். முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். காற்றாடிகளுக்குப் போட்ட வீதிகள் மழைநீர் கடலுக்கு வடியும் வழியை மறித்துவிட்டன என்று ஊரவர் சொன்னார்கள். அதை அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை; ஆனால் அந்த ஊரில் எழுபது வருடம் இருந்த ஒரு கிழவர், முன்பு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று கைத்தடியால் கோடு கீறிக் காட்டியபோது அவரை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. வலசைப் பறவைகள் மத்திய ஆசியாவிலிருந்து வந்து இறங்கும் இடமும் அதுவே. நாட்டின் மிகச் சிறந்த காற்று மன்னாரில் இருப்பது மன்னாரின் குற்றமல்ல. கொழும்பில் எரியும் விளக்குக்காக ஒரு தீவின் மணல் திடலைத் தோண்டும்போது, அந்தத் தீவின் சனத்துக்கு அந்த மின்சாரத்தில் ஒரு பங்காவது எழுதிக் கொடுத்தார்களா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

இதைக் கேட்பதால் நான் நிலக்கரியின் ஆள் ஆகிவிட மாட்டேன் என்று திருகோணமலை நண்பருக்குச் சொல்லிவைக்கிறேன். சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வரவிருந்து, 2016இல் கைவிடப்பட்டு, இப்போது அங்கே சோலார் வருகிறது. சாம்பல் மேட்டுக்குப் பதில் கண்ணாடித் தகடு என்றால், அந்த மாற்றத்துக்கு நான் கைதட்டுவேன். காணி இழந்தவர்களின் கணக்கு அங்கும் தனியாக இருக்கிறது.

09.07.2025, காலை

"தூசிலும் தூசு" என்ற இரண்டாவது கேள்வி பதிலில்லாமல் கிடக்கிறது. இலங்கையில் தலைக்கு வருடம் ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு. உலகச் சராசரி அதைப் போல நான்கு மடங்குக்கு மேல், அமெரிக்காவில் பதின்மூன்று, பதினான்கு மடங்கு. தம்பி சொன்ன அளவு சரிதான். ஆனால் நாங்கள் விடுவது காபனீரொட்சைட்டு மட்டும் அல்ல. தண்ணீர் கட்டி நிற்கும் வயலின் சேற்றில் காற்றில்லாமல் அழுகும் வைக்கோல் மெதேனை விடும். காலால் மிதித்தால் குமிழி வருமே, அதுதான். இடையிடையே வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் அது குறையும் என்கிறது ஆராய்ச்சி. இரணைமடுவின் கீழ்க் கடைசி வாய்க்காலில் வயல் செய்கிறவர்கள் முறைத்தண்ணீர் வந்து சேராமல் வருடாவருடம் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு யாராவது காபன் காசு கொடுத்தால் நல்லது.

21.08.2025, இரவு 8.15

மின்சாரப் பட்டியல் வந்துவிட்டது. 470 அலகு, 15.50 ரூபா வீதம் 7,285 ரூபா. போன மாதத்தை விட 3,055 ரூபா குறைவு. கடனும் இரண்டு தவணையோடு முடிகிறது என்பதால் அழ வேண்டியதில்லை. முன்வீட்டு அக்காவிடம் பட்டியலைக் காட்டினேன், வாசித்துவிட்டு, "உங்களுக்கும் ஏறுதோ, இறங்குதோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

மன்னாரில் இந்த மாதம் சனம் வீதியில் நிற்கிறது. புதிய காற்றாடிகளின் வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேலே எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

தோட்டக் காணியின் இறைப்பு மெசின் வருடத்துக்கு ஏறத்தாழ 200 லீற்றர் மண்ணெண்ணெய் குடிக்கும், அதாவது அரைத் தொன் காபனீரொட்சைட்டு. மிளகாய்க்குக் கிடைக்கும் இலாபத்தில் நல்ல பங்கு அதற்கே போகிறது. வன்னியில் இப்படி எத்தனை மெசின்கள் விடியற்காலையில் இரைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சூரிய இறைப்புக்குப் பற்றரி வேண்டாம், மின்மாற்றியில் இடம் வேண்டாம், இரவுக் கவலை இல்லை. வெயில் எறிக்கும்போது தண்ணீர் ஏறினால் போதும். அரசு கூரைக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கைச் சிறு தோட்டக்காரரின் சூரிய இறைப்புக்குக் கொடுத்திருந்தால், காபனும் குறைந்திருக்கும், காசும் உரியவர் கைக்குப் போயிருக்கும் என்பதே இந்த நான்கு மாத வாய்ச்சண்டைக்குப் பின் நான் வந்து நிற்கும் இடம். வசதி உள்ளவர் தன் கையால் போடுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதால், நான் மூன்று இலட்சத்தை நெருங்கும் ஒரு சின்னப் பம்பைப் போன கிழமை இறக்கிவிட்டேன்.

24.08.2025, மாலை

மாங்குளத்துத் தம்பி மறுபடி வந்திருக்கிறார். எரிமலையை விட்டுவிட்டு, "எத்தனை அடிக் கிணறு, எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும்?" என்று கேட்கிறார்.

கிணறு 24 அடி. காலை எட்டரைக்கு மெதுவாகத் தொடங்கி, பத்து மணிக்குப் பிறகு இரண்டு அங்குலக் குழாய் நிறைந்து வருகிறது. பிற்பகல் மூன்றரைக்கு இளகிவிடும். நேற்று முகில் மூடியபோது நின்று நின்று ஓடியது. மண்ணெண்ணெய் மெசினை விற்கவில்லை, கொட்டிலில் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன். வந்து பாருங்கள். பத்து மணிக்குப் பிறகு வாருங்கள்.